நாலரை ஏக்கரும் பத்துப் பங்காளிகளும்

கடந்த மார்ச்சில் வேலை நிமித்தமாகப் பிரான்சின் டிஜோன் நகருக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வோன்-ரொமானே கிராமத்துக்கு ஒரு முற்பகலில் நண்பருடன் போய்வந்தேன். நானூறு பேர்கூட வசிக்காத ஊர் அது. ஒரு தேவாலயம், சில கல் வீடுகள், அவற்றின் பின்புறம் கிழக்கு நோக்கிச் சரிந்திறங்கும் திராட்சைத் தோட்டங்கள். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று இங்கேதான் விளைகிறது என்பதைத் தெருவைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது. ரொமானே-கோந்தி எனப்படும் அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு குட்டை மதிலும், ஒரு கற்சிலுவையும், பார்க்க வருகிறவர்கள் சாலையிலேயே நிற்கும்படியும் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாமென்றும் கேட்டுக்கொள்ளும் பலகையும் மட்டுமே இருக்கின்றன. நிலத்தின் பரப்பு 1.81 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1945ஆம் ஆண்டு அறுவடையில் கிடைத்த சுமார் 600 பாட்டில்களில் ஒன்று, 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்கு விற்றது.

இந்த விலைகளைப் பார்த்து வாய் பிளப்பது எளிது. ஊர் திரும்பிய பிறகும் என் மனத்தில் நின்றது விலையன்று, வாரிசுரிமைச் சிக்கல்.

2015இல் யுனெஸ்கோ, இந்த ஊர்கள் அடங்கிய ஒயின் வட்டாரமான பர்கண்டியின் 'கிளிமா'க்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிளிமா என்பது அங்கே தட்பவெப்பத்தைக் குறிக்கும் சொல்லன்று. தனிப் பெயரும், தலைமுறைகளாக மாறாத எல்லையும், தனக்கென்று ஒரு சுவையும் உடைய திராட்சைப் புலத்துக்கு அந்தப் பெயர். அப்படி 1,247 புலங்கள் உள்ளன. வோன்-ரொமானேயில் ஒரு பாதைக்கு இப்பாலுள்ள புலத்தின் ஒயினுக்கும் அப்பாலுள்ளதன் ஒயினுக்கும் பெயர் வேறு, விலை வேறு. இந்தப் பகுப்பின் அடித்தளத்தை இட்டவர்களில் இடைக்காலத் துறவியர் முக்கியமானவர்கள். ரொமானே-சென்-விவான் என்ற புலத்தின் பெயரில் அந்தத் துறவியர் மடம் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் திருச்சபை நிலங்களும் பிரபுக்களின் நிலங்களும் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தன. 1804இல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டம், பெற்றோரின் சொத்தில் பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்கு என்றது. பக்கத்து ஊரான வூஜோவில், ஒரே மதிலுக்குள் இருக்கும் சுமார் 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ எண்பது உரிமையாளர்கள் இருப்பதற்கு இந்த இரண்டும் வழிகோலின.

ஆக, அந்த ஊர்களைச் சிறு குடும்பங்களின் ஊர்களாக ஆக்கியது சமபங்குச் சட்டம். அதே சட்டம்தான் அவற்றைக் கலைக்கவும் செய்கிறது. 1933இல் இதே வோன்-ரொமானேயில் லிஜே-பெலேர் பிரபுக் குடும்பத்தின் நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. பிள்ளைகள் பத்துப் பேர், அவர்களுள் மைனர்களும் இருந்ததால் விற்றுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. லா டாஷ் என்ற புகழ்பெற்ற புலம் ரொமானே-கோந்தி பண்ணைக்குப் போய்விட்டது. குடும்பத்தில் பாதிரியாராக இருந்த ஒருவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து, ஒரு ஹெக்டேருக்கும் குறைவான லா ரொமானே முதலிய சிலவற்றை மட்டும் ஏலத்தில் எடுத்துக் காப்பாற்றினார்கள்.

அன்று பாகப்பிரிவினை என்றால் பங்காளிகளுக்குள் தீர்த்துக்கொள்ளலாம், அல்லது அக்கம்பக்கத்து விவசாயி வாங்கிக்கொள்வார். இன்று அது நடவாது. ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடிகள் என்ற கணக்கில் நெருக்கி நடுகிறார்கள், ஆகவே ஒரு கொடிக்கு ஒரு சதுர மீட்டர். உயர்தர 'கிராண்ட் க்ரூ' நிலம் ஹெக்டேருக்குப் பல மில்லியன் யூரோ விற்கும்போது, ஒற்றைக் கொடி நிற்கும் இடமே பல நூறு யூரோ ஆகிறது. அதில் ஒரு பாட்டில் நிரம்ப ஏறத்தாழ இரண்டு கொடிகள் வேண்டும். இந்த விலைக்கு வாங்கி, விளைச்சலைக் கொண்டு கடனை அடைக்க எந்தக் குடியானவராலும் முடியாது. வாங்குகிறவர்கள் வேறு வகையினர். 2006இல் வோன்-ரொமானேயின் ஒரு பழைய குடும்பப் பண்ணையை, ஆடம்பரப் பொருள் வணிகத்தில் கோடிகளைக் குவித்த பினோ குடும்பத்தின் நிறுவனம் வாங்கியது. அதே வட்டாரத்தின் மொரே-சென்-தெனி ஊரில் 2014இல் குளோ தே லாம்ப்ரே தோட்டத்தை எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனம் வாங்க, 2017இல் குளோ த தார் தோட்டம் அதே பினோ நிறுவனத்துக்குப் போனது. அப்படி நடக்கும் ஒவ்வொரு விற்பனையும் அக்கம்பக்கத்து நிலத்தின் மதிப்பை ஏற்றுகிறது. விற்க நினைக்காதவர் இறந்தாலும், பிள்ளைகள் கட்ட வேண்டிய வாரிசு வரி அந்த ஏறிய மதிப்பின்மீதுதான் கணக்கிடப்படுகிறது. நேர்வாரிசுகளுக்கே உச்ச வீதம் 45 சதவீதம். நீண்டகாலக் குத்தகையிலுள்ள நிலங்களுக்குச் சலுகை உண்டென்றாலும், இந்த மதிப்புக்கு முன் அது போதவில்லை.

கோடீசுவர விவசாயிகளுக்காக நான் கண்ணீர் விடுகிறேனா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெருநிறுவனங்கள் நிலத்தைக் கெடுக்கின்றன என்றும் நான் சொல்லவில்லை. குதிரை பூட்டி உழவும், மகசூலைக் குறைத்துத் தரத்தைக் காக்கவும் பணமுள்ளவரால்தான் முடிகிறது. ஆனால் இந்தப் பாரம்பரியம் வேறொரு வகைப் பொறுமையால் வந்தது. ஃபிலாக்செரா பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு அழித்த பிறகு பெரும்பாலோர் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நட்டார்கள். ரொமானே-கோந்தியிலோ மண்ணுக்குள் மருந்து செலுத்தியே பழைய கொடிகளை 1945 வரை வைத்திருந்தார்கள். அவற்றைப் பிடுங்கிப் புதிதாக நட்டதால் 1946 முதல் 1951 வரை அந்த நிலத்தின் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. தன் பேரனையும் கணக்கில் வைத்து யோசிக்கிறவர் செய்யும் காரியம் அது.

என் கருத்து இதுதான்: தானே அல்லது தன் பிள்ளையே பயிரிடுவதாக எழுதிக்கொடுப்பவருக்கு, வாரிசு வரியை நிலத்தின் சந்தை விலையில் கணக்கிடாமல் அது தரும் வருமானத்தின் அளவில் கணக்கிட வேண்டும். சொன்னபடி செய்யாமல் விற்றால் முழு வரியையும் திரும்ப வசூலிக்கலாம். மதிலையும் எல்லைக்கல்லையும் யுனெஸ்கோ காக்கும், ஆனால் மார்ச் மாதக் குளிரில் கவாத்து செய்கிற கையை எந்தப் பட்டியலும் காக்காது.

அப்படிப்பட்ட கையொன்றை அன்று பார்த்தேன். எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த தள்ளுவண்டியில், வெட்டிய குச்சிகளை எரித்தபடியே வரிசையோடு நகர்ந்துகொண்டிருந்தார், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். நண்பர் மொழிபெயர்க்கப் பேசினோம். அந்தத் துண்டில் ஆறு வரிசைதான் அவருடையது, மீதி அக்காள்மார் இருவரின் பங்கு, அதை வாரத்துக்கு எடுத்துப் பயிரிடுகிறார். அக்காள்மாரின் பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள், விலை கேட்டு அவர்களுக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். பேசி முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். ஏப்ரல் பனி கடக்கட்டும், 2021இல் ஓரிரவுப் பனியிலேயே மொட்டெல்லாம் கருகிவிட்டது, முதலில் அதைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குக் குனிந்தார்.