துறைமுக லாரிகளின் புகைக்கான செலவை யார் ஏற்பது?

துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களின் காற்றைச் சீர்செய்ய வேண்டுமானால், பழைய டீசல் லாரிகளைத் துறைமுக வாசலிலேயே நிறுத்திவிடுவதுதான் விரைவில் பலன் தரும் வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் அதைச் செய்து காட்டிவிட்டன. ஆனால் காற்று தூய்மையாவதற்கான செலவு யார் தலையில் விழுந்தது என்ற கேள்வியை, அந்தத் திட்டத்தைப் பாராட்டுகிறவர்களில் பலர் கேட்பதே இல்லை. திட்டத்தை முழுமனதோடு ஆதரிப்பவன் என்ற முறையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

துறைமுகங்களில் மட்டும் ஏன் இத்தனை பழைய லாரிகள் ஓடுகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு லாரி புதிதாக இருக்கும்போது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நெடுந்தூர ஓட்டத்தில் இருக்கும். லட்சக்கணக்கான மைல்கள் ஓடித் தேய்ந்த பிறகு, வழியில் நின்றுவிட்டால் பெரும் நஷ்டம் என்பதால் அதன் முதலாளி அதை விற்றுவிடுவார். அதைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர், கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னரைப் பக்கத்திலுள்ள கிடங்குக்கோ ரயில் முனையத்துக்கோ கொண்டு சேர்க்கும் குறுந்தூர ஓட்டுநர். அவருக்குக் கூலி டிரிப் கணக்கில்தான் கிடைக்கும். வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. ஆகவே கையிலிருக்கும் பணத்துக்கு எந்த வண்டி அகப்படுகிறதோ அதைத்தான் அவரால் வாங்க முடியும். சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் காத்து நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த வரிசை நகரும்போதும் நிற்கும்போதும் வெளிவரும் புகை முதலில் போய்ச் சேருவது பக்கத்து வீடுகளுக்குத்தான். அந்தக் கலிபோர்னியத் துறைமுகங்களை ஒட்டிய மேற்கு லாங் பீச், வில்மிங்டன் ஆகிய பகுதிகளில் வாழ்வோரில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள்; குடியேறிகளும் அதிகம். கன்டெய்னர் லாரிகள் நாள் முழுதும் ஓடும் டெர்மினல் ஐலண்ட் நெடுஞ்சாலையை ஒட்டியே அங்கு ஹட்சன் பள்ளி அமைந்திருக்கிறது; ஒரு பக்கம் குழந்தைகள் ஓடியாடுகிறார்கள், மறுபக்கம் லாரிகள் கியர் மாற்றி உறுமிக்கொண்டு போகின்றன. டீசல் எஞ்சின்கள் கக்கும் நுண்துகள் புற்றுநோயை உண்டாக்கும் நச்சு என்று கலிபோர்னியா காற்று வள வாரியம் 1998ஆம் ஆண்டிலேயே முறைப்படி அறிவித்துவிட்டது. அறிவிப்புக்கும் நடவடிக்கைக்கும் இடையே கழிந்த பத்து ஆண்டுகளில் அந்தப் பள்ளியில் சேர்ந்து படித்து வெளியேறிய பிள்ளைகள் எந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இரு துறைமுகங்களும் 2006ஆம் ஆண்டின் இறுதியில் கூட்டாக ஒரு தூய காற்றுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. அதன்படி 2008 அக்டோபர் 1 முதல், 1989ஆம் ஆண்டுக்கு முந்தைய எஞ்சின் கொண்ட லாரிகள் உள்ளே நுழையத் தடை விதிக்கப்பட்டது. 2010இல் அந்த வரம்பு மேலும் இறுக்கப்பட்டு, 2012 ஜனவரி 1 முதல் 2007ஆம் ஆண்டின் மத்திய அரசுத் தரத்தை எட்டிய லாரிகளுக்கு மட்டுமே அனுமதி என்றாகிவிட்டது. அந்தத் தரம் புகைக்கரியின் அளவைப் பழைய வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்வதால், புகைபோக்கியில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இல்லாமல் அதை எட்டுவது கடினம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகள் நான்கு ஆண்டுகளுக்குள் மாற்றப்பட்டன. 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், லாரிகள் வெளியிடும் டீசல் நுண்துகள் இன்று 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது.

காகிதத்தில் போட்ட கணக்குதானே என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, அதே கலிபோர்னியாவின் ஓக்லாந்து துறைமுகத்தில் நடந்த ஆய்வு நல்ல பதில். மாநில அரசின் இதே போன்ற விதி அங்கும் நடைமுறைக்கு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் துறைமுகச் சாலையின் மேலே செல்லும் பாலத்தில் ஒரு வேனை நிறுத்தி, கீழே கடந்துபோகும் ஒவ்வொரு லாரியின் புகைபோக்கியிலிருந்தும் எழும் புகையைக் குழாய் வழியே உறிஞ்சி, அந்தந்த வண்டிக்குத் தனித்தனியாக அளந்தார்கள். 2009இல் இருந்ததைவிட 2013இல் கரித்துகள் சுமார் 76 சதவீதமும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சுமார் 53 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரு துறைமுகத்தின் லாரிப் புகையில் இவ்வளவு பெரிய மாற்றம் நான்கே ஆண்டுகளில் நிகழ்வது அரிது.

இந்த மாற்றத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். 2009 முதல் இருபதடி அளவுக்கு 35 டாலர், அதாவது நாற்பதடி கன்டெய்னருக்கு 70 டாலர் என்று சரக்கு உரிமையாளர்களிடம் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு இருந்தது. சரியான ஏற்பாடு. ஆனால் தூய லாரியில் ஏறும் சரக்குக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு என்பதால், லாரிகள் மாற மாற அந்த வருமானம் வற்றிப்போனது. புதிய லாரிக்காக ஓட்டுநர் கட்ட வேண்டிய தவணை மட்டும் வற்றவில்லை. லட்சம் டாலரைத் தொடும் புதிய லாரியை வாங்க வழியில்லாத ஓட்டுநர்களுக்குச் சில போக்குவரத்து நிறுவனங்களே வண்டியை வாங்கிக் கொடுத்து, வாரச் சம்பளத்தில் தவணையையும் காப்பீட்டையும் டீசலையும் பிடித்துக்கொண்டன. வேலையை விட்டால் வண்டியும் போய்விடும், அதுவரை கட்டிய பணமும் போய்விடும். யூஎஸ்ஏ டுடே நாளிதழ் 2017இல் வெளியிட்ட விசாரணைக் கட்டுரைகளில், பிடித்தம் போக ஒரு டாலர்கூட மிஞ்சாத வாரங்களைச் சந்தித்த ஓட்டுநர்களின் கதை வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரலைக் காப்பதற்கான செலவை, அதே தெருக்களில் குடியிருக்கும் தகப்பன்மார்களின் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்டது அநியாயம்.

இது எதிர்பாராமல் நேர்ந்ததும் அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் தொடக்கத்திலேயே, லாரி நிறுவனங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாகவே வைத்துக்கொள்ள வேண்டும், வண்டியின் செலவு நிறுவனத்துடையது என்று நிபந்தனை விதிக்க முயன்றது. அமெரிக்க லாரி நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. வேறு இரண்டு நிபந்தனைகளை 2013இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. பழைய லாரிக்கான தடை நிலைத்தது, ஓட்டுநருக்கான பாதுகாப்பு விழுந்துவிட்டது. சொந்த வண்டி வைத்து ஓட்டுவதே தங்களுக்குச் சுதந்திரம் என்று கருதும் ஓட்டுநர்களும் ஏராளமானோர் இருக்கிறார்கள். தங்களை ஊழியர்களாக்கும் மாநிலச் சட்டத்தை எதிர்த்து 2022 ஜூலையில் ஓக்லாந்து துறைமுகத்தையே அவர்கள் முடக்கினார்கள். அவர்களுடைய விருப்பத்தை நான் மதிக்கிறேன். சொந்த வண்டி வேண்டும் என்பவருக்கு அதை வாங்கும் சக்தியைக் கட்டண நிதி கொடுக்கட்டும்; கடன் பத்திரத்தைக் காட்டி அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க வேண்டாம் என்பதே என் வாதம்.

இது ஓட்டுநர் நலன் மட்டுமே சார்ந்த விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. ஓக்லாந்தில் பின்னர் எடுத்த அளவீடுகளில், வடிகட்டி பழுதான சில லாரிகளே மொத்தக் கரியில் பெரும்பங்கை வெளியிட்டது தெரியவந்தது. வடிகட்டியை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், பழுதானால் மாற்ற வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், வண்டி ஓடாமல் நிற்கும் நாளைத் தாங்கும் வசதியும் வேண்டும். தவணைக்கே திண்டாடுகிறவர் அதைத் தள்ளிப் போடுவார். ஓட்டுநரைக் கடனில் வைத்தால் காற்றும் மறுபடி கெடும்.

அடுத்த கட்டம் மின்சார லாரி. 2022 ஏப்ரல் முதல் இரு துறைமுகங்களும் இருபதடி அளவுக்கு 10 டாலர் வசூலித்து, புகையே இல்லாத லாரிகளுக்கு மானியம் தருகின்றன. துறைமுக லாரிகள் அனைத்தும் 2035க்குள் புகையற்றதாக வேண்டும் என்று கலிபோர்னியா வகுத்த விதிக்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது; அந்த விண்ணப்பத்தை மாநிலம் 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மின்சார லாரியின் விலை டீசல் லாரியைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. விதி பின்வாங்கியிருக்கும் இந்த நேரத்தில் கட்டணத்தை உயர்த்துவதுதான் துறைமுகங்கள் கையிலிருக்கும் ஆயுதம். நாற்பதடி கன்டெய்னரில் சில ஆயிரம் ஜோடிக் காலணிகள் அடங்கும். அதற்கு 70 டாலர் வாங்கினால் ஒரு ஜோடிக்கு ஓரிரு சென்ட் கூடும், அவ்வளவுதான். பழைய 35 டாலரையே மீண்டும் கொண்டுவர வேண்டும், தூய லாரிக்கு விலக்கு என்று அதை வற்றவிடாமல் தொடர்ந்து வசூலிக்க வேண்டும், அந்த நிதி வண்டியின் விலைக்கு மட்டுமின்றி பராமரிப்புக்கும் சார்ஜ் ஏற்ற நிற்கும் நேரத்துக்கும் ஓட்டுநர் கைக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். துறைமுக ஆணையர்களின் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம். அந்தப் பகுதியில் இருக்கும் நம்மவர்கள் அங்கே போய் இதைக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.