கருத்துக் கேட்பது வேறு, முடிவில் பங்கு கொடுப்பது வேறு

கடல் பாதுகாப்புப் பகுதிகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவற்றை அமைக்கும்போது பூர்வகுடிகளிடம் "கருத்துக் கேட்டால் நல்லது" என்று முடிகிறது. கருத்துக் கேட்பது மட்டும் போதாது என்பதற்கு கனடாவின் மேற்குக் கரையோரத் தீவுகளில் உள்ள குவாய் ஹானாஸ் பாதுகாப்புப் பகுதி நல்ல சான்று.

அங்கே பூர்வகுடிகளான ஹைடா மக்கள் 1985-இல் லயல் தீவில் மரம் வெட்டும் பாதையை மறித்து நின்றார்கள். முதியவர்கள் உட்பட 72 பேர் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் ஹைடா மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே 1993 ஒப்பந்தம் வந்தது. அந்த நிலம் யாருடையது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு இல்லை. ஒப்பந்தமே அதை மறைக்காமல், இருவர் நிலைப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சண்டை தீரும்வரை காத்திருக்காமல், சேர்ந்து பராமரிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2010-இல் கடலும் இதில் சேர்ந்தது. நிர்வாகக் குழுவில் ஹைடா தரப்பில் 3 பேர், அரசுத் தரப்பில் 3 பேர். முடிவுகளை ஒருமித்தே எடுக்க முயல்கிறார்கள்.

அப்புறம், அங்குள்ள கெல்ப் எனும் கடற்பாசிக் காடுகளின் கதை. மென்மயிர்த் தோல் வணிகத்துக்காக, முள்ளிகளைத் தின்னும் கடல் நீர்நாய்களைக் கொன்று தீர்த்ததால் முள்ளெலி போன்ற கடல் முள்ளிகள் பெருகிக் காட்டைத் தின்றுவிட்டன. ஹைடா மீன்வளப் பணியாளர்களும், முள்ளி பிடிக்கும் வணிக முக்குளிப்பாளர்களும், விஞ்ஞானிகளும் சேர்ந்து காடு மீண்டும் வளர, சுமார் 3 கிலோமீட்டர் கரையில் முள்ளிகளை அகற்றினார்கள். அவற்றின் சினை ஹைடா குடும்பங்களுக்கு உணவாகவும் போனது. பாதுகாப்புப் பகுதியின் வரைபடத்தை அரசே முதலில் வரைந்துவிட்டு, பிறகு கருத்துக் கேட்க ஊர்க்கூட்டம் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? கட்டுரையாளர் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.