கிளப்பை வெளியேற்றினீர்கள் சரி, குதிரையை ஏன் வெளியேற்றினீர்கள்?

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். ஊட்டி ரேஸ்கோர்ஸ் நடுவில் நின்றுகொண்டு அந்தத் தம்பி பேசுகிறார்: "சூதாடிக் கூட்டம் ஒழிந்தது, இனி இது மக்கள் இடம்." கீழே வரிசையாக இதயம், கைதட்டல். என் பள்ளித் தோழர்கள் இரண்டு பேரும் அதில் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் கடந்து போயிருப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ரேஸ் நடத்திவந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 1978ல் குத்தகை முடிந்த நிலம் அது. 52 ஏக்கருக்கு மேல், ஊரின் நட்டநடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பாக்கி 822 கோடி என்று அரசு கணக்குச் சொன்னது, வழக்கு நடந்தது, 2024 ஜூலையில் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பாக்கி வைத்தவரிடம் பாக்கியைக் கேட்பதில் என்ன தவறு? கேளுங்கள். ஆனால் பாக்கி வைத்தது கிளப். குதிரை வைக்கவில்லை. லாயத்தில் வேலை பார்த்தவன் வைக்கவில்லை. கிளப் வேறு, பந்தயம் வேறு. இந்த ஒரு விஷயத்தைத்தான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் ஆரம்பித்ததுதான், மறுக்கவில்லை. மலை ரயிலும் அவன் போட்டதுதான், தாவரவியல் பூங்காவும் 1848ல் அவன் வைத்ததுதான். அவற்றை நம்முடையது என்று கொண்டாடுகிறோம் அல்லவா? ரேஸ் மட்டும் எப்படி அந்நியமானது?

நிறுத்தப்படும்வரை, ஏப்ரல் 14, தமிழ் வருடப்பிறப்பு அன்று ஊட்டி சீசன் ரேஸ் தொடங்கும், ஜூன் வரை போகும். சீசனுக்கு முன்பே சென்னையின் கிண்டி ரேஸ்கோர்ஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரிகளில் குதிரைகள் வந்து இறங்கும். முன்னதாகக் கொண்டுவரக் காரணம் இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்துக் காற்று குதிரைக்குப் பழக வேண்டும். கீழே சமவெளியில் பறக்கிற குதிரை இங்கே வந்து கடைசி இருநூறு மீட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிடும். மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கம் ஓடுகிற குதிரை கண்ணுக்கே தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும், பிறகு திடீரென்று வளைவில் வரும். சீசனின் முக்கியப் பந்தயமான நீலகிரி டெர்பி அன்று ஊரில் அறை கிடைக்காது. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் ஓடுகிற நாளில், ஒரு ரூபாய் கட்டாதவனும் வேலிக்கு வெளியே சாலையில் நின்று பார்ப்பான். இந்தியாவிலேயே அவரளவுக்கு கிளாசிக் என்கிற பெரிய பந்தயங்கள் ஜெயித்த உரிமையாளர் கிடையாது. அந்தக் குதிரைகள் நம் ஊர்ப் புல்லில் ஓடியிருக்கின்றன.

என் அப்பா சைஸ் வேலை பார்த்தவர். குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, நடத்திக் கூட்டிப் போகிற ஆள். கிண்டியில் வேலை, ஏப்ரலில் குதிரையோடு ஊட்டி. பள்ளி லீவில் அம்மாவும் நானும் வந்துவிடுவோம். லாயத்துக்குப் பின்னால் தகர அறை, சுவரெல்லாம் ஈரம். ஒரு ராத்திரி அப்பா பார்த்துக்கொண்ட பெண் குதிரைக்கு வயிற்று வலி வந்துவிட்டது. படுக்க விடக்கூடாது, படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். தன் கம்பளியை அதன் முதுகில் போட்டுவிட்டு, வெறும் ஸ்வெட்டரோடு அந்தக் குளிரில் விடியும்வரை கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தார். நான் லாந்தரைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். டாக்டர் ஊசி போட்டு, விடிகாலையில் அது சாணி போட்டபோது அப்பா அழுதார். குதிரை அவருடையது இல்லை. உரிமையாளரை அவர் நேரில் பார்த்ததே எப்போதாவதுதான். ஜெயித்தால் பரிசுப் பணத்தில் சிறு பங்கு லாயத்துக்கும் வரும், அதில்தான் எனக்கு ஸ்கூல் ஷூ. அப்பா வாழ்க்கையில் ஒரு பந்தய டிக்கெட் எடுத்ததில்லை. இவரைத்தான் சூதாடிக் கூட்டம் என்கிறீர்களா?

"குடும்பங்கள் அழிந்ததே" என்று வருவீர்கள், தெரியும். அழிந்தன, ஒத்துக்கொள்கிறேன். தாலியை அடகு வைத்தவர்களை எனக்கே தெரியும். அதற்காகத்தான் 1974ல் குதிரைப் பந்தயத்துக்குத் தடைச் சட்டமே வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் இல்லை என்றது. நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பம் அழிவதுதான் கவலை என்றால், 2003லிருந்து மதுவைச் சில்லறையில் விற்பது யார்? அந்தக் கடை முன்னால் நின்று ஒரு வீடியோ போடுங்களேன். ஊட்டியில் ரேஸ் நின்றதால் பணம் கட்டுகிறவன் திருந்திவிட்டானா? பெங்களூரு ரேஸுக்கும் மைசூரு ரேஸுக்கும் பந்தயப் பணம் வாங்குகிற யாரோ ஒரு புக்கியிடம் போனில் கட்டுகிறான். அந்தப் பணத்தில் அரசுக்கு வரியும் இல்லை, லாயத்துக்குக் கூலியும் இல்லை.

"குதிரைக்கு வதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாட்டைக்குக் கட்டுப்பாடு வையுங்கள், ஓய்வு பெற்ற குதிரைக்கு உரிமையாளரே பொறுப்பு என்று நிபந்தனை போடுங்கள், முதல் ஆளாக நானே ஆதரிக்கிறேன். ஆனால் நம் ஊர்த் தெருவில் குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்றுகொண்டு, வண்டியில் அடிபட்டு நொண்டி நிற்கிற குதிரைகளை இவர் பார்த்ததே இல்லையா? கொள்ளும் ஓட்ஸும் தின்று, மாதம் தவறாமல் லாடம் மாற்றப்பட்ட குதிரைக்காகத்தான் இவருக்குக் கண்ணீர் வருகிறது.

சூழல் பூங்கா வருகிறதாம். வரட்டும். ஆனால் ஊட்டி பூங்கா இல்லாத ஊரா? தாவரவியல் பூங்கா இருக்கிறது, ரோஜாப் பூங்கா இருக்கிறது, தேயிலைப் பூங்கா இருக்கிறது, ஏரி இருக்கிறது. வருகிற வண்டிகளைத் தாங்காமல் உயர் நீதிமன்றமே 2024ல் இ-பாஸ் வைக்கச் சொன்ன ஊர் இது. ரேஸ்கோர்ஸ் இருப்பது சதுப்பு நிலம், நீர் பிடிக்கும் இடம் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன்: இத்தனை வருடம் அந்த நிலத்தில் லாட்ஜ் எழும்பாமல் இருந்ததற்கு அங்கே குதிரை ஓடியதுதான் காரணம். ஓட்டத்துக்குப் புல்வெளி வேண்டும், காங்கிரீட் வேண்டாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நிலம் அரசிடமே இருக்கட்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும், சந்தை வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, யார் நடத்த முன்வருகிறார்களோ அவர்களிடம் ஓட்டத்தைக் கொடுங்கள். மற்ற மாதங்களில் நடுவில் இருக்கிற வெளி முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட. லாயத் தொழிலாளிக்குச் சம்பளமும் காப்பீடும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பழைய காலத்தில் அது இல்லை, அதனால்தான் என் அப்பா இருமிக்கொண்டே போனார். அந்தப் பழைய நிர்வாகம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் இதைச் சொன்ன பிறகும் "பணக்காரனுக்குக் கூஜா தூக்குகிறாய்" என்று எழுதுகிறீர்கள். கூஜா தூக்கியிருந்தால் நான் இன்னும் வாடகை வீட்டில் இருக்க மாட்டேன்.

2024 செப்டம்பரில் கிண்டியும் பூட்டப்பட்டது. அதைப் பற்றி எழுதியபோது வந்த ஆதரவில் பாதிகூட ஊட்டிக்கு வரவில்லை. சென்னையில் நடந்தால் செய்தி, மலையில் நடந்தால் வீடியோவுக்குப் பின்னணி, அவ்வளவுதானே? ஊட்டி லாயங்களில் வேலை பார்த்தவர்களில் சிலர் இப்போது ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரை ஏற்றுகிறார்கள், சிலர் பெங்களூருக்குப் போய்விட்டார்கள், சிலர் என்ன ஆனார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு தயாராகிறது. லாயத்தில் வேலை பார்த்த குடும்பங்கள், லாடம் அடித்தவர்கள், புல் சப்ளை செய்தவர்கள், சீசனில் கடை போட்டவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், கையெழுத்து வேண்டும். அந்தத் தம்பியின் வீடியோவுக்கு இதயம் போட்ட என் இரண்டு தோழர்களும் வரலாம். உங்கள் அப்பாக்களும் அந்த வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்தான்.