மதில் மட்டும் காப்பாற்றவில்லை

கி.மு. 701-இல் அசீரியப் படையிடமிருந்து எருசலேம் தப்பியதற்கு அதன் மதில்தான் காரணம் என்கிறது உங்கள் கட்டுரை. சரி, யூதாவின் இன்னொரு நகரமான லாகீசிலும் மதில் இருந்ததே? அசீரியர்கள் கல்லைக் கொட்டிச் சரிவு மேடு கட்டி, இடிப்புப் பொறியை மேலே ஏற்றிவிட்டார்கள். அந்த மேடு இன்றும் இருக்கிறது.

எருசலேமை ஆண்ட யூதா ராஜா எசேக்கியா தண்ணீரைப் பற்றியும் யோசித்தார். கீகோன் ஊற்று, எதிரியின் கைக்கு எட்டும் பள்ளத்தாக்கு ஓரத்தில் இருந்தது. பாறைக்குள் சுமார் 533 மீட்டர் சுரங்கம் வெட்டி நீரை ஊருக்குள் திருப்பினார். இரு முனையிலிருந்தும் வெட்டி வந்தவர்கள், எதிர்ப்பக்க ஆளின் குரல் பாறை வழியே கேட்டதைக் கல்வெட்டாகவே பொறித்திருக்கிறார்கள். கிடைத்த வரிகளில் ராஜா பெயர்கூட இல்லை!

அப்புறம், எசேக்கியா அசீரியருக்குக் கட்டிய கப்பத்தை விட்டுவிட்டீர்கள். பொன் 30 தாலந்து (பழைய எடை அளவு) என்பதில் வேதாகமமும் அசீரிய ராஜா சனகெரிபின் கல்வெட்டும் ஒத்துப்போகின்றன. வெள்ளிக் கணக்கில்தான் தகராறு: வேதாகமத்தில் 300, கல்வெட்டில் 800.