தாபோர்க்காரர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

அந்த வீடியோவை நேற்று முழுக்க ஆளாளுக்குப் பகிர்ந்து சிரித்துத் தீர்த்துவிட்டீர்கள். 'உலகம் அழியும் என்று நம்பி ஏமாந்த முட்டாள்கள்' வரிசையில், 1420-இல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) வீடு வாசலை விற்றுவிட்டுக் கிளம்பி, தாபோர் என்ற ஊரை அமைத்துக் குடியேறிய விவசாயிகளுக்கு அரை நிமிடம். பிப்ரவரியில் அழியும் என்றார்களாம், அழியவில்லையாம், கதை முடிந்ததாம்.

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யார் சொல்வது? பத்திரமாக வந்து போகலாம் என்று சிகிஸ்மண்ட் மன்னர் கடிதம் கொடுத்து வரவழைத்த, திருச்சபையின் ஊழலைக் கண்டித்த பாதிரியார் யான் ஹுஸ்ஸை 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு கொளுத்தினார்கள். அவர் வழி நடந்தவர்களைப் பிடித்துக் குட்னா ஹோரா வெள்ளிச் சுரங்கக் குழிகளில் தள்ளினார்கள், பலரை உயிரோடு. இதையெல்லாம் பார்த்தவனுக்கு உலகம் முடியப்போகிறது என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்? தேதி தப்பியது, சரி. ஆனால் அடுத்த மாதமே, மார்ச்சில், அவர்கள்மேல் சிலுவைப்போர் அறிவிக்கப்பட்டது. அவர்கள் பயந்தது வீண் பயமே இல்லை.

அவர்கள் எதிர்பார்த்தது அழிவை மட்டுமா? இனி பிரபுக்களுக்கு நில வாரமும் வரியும் கட்ட வேண்டாம், உன்னுடையது என்னுடையது கிடையாது என்று நம்பினார்கள். பீசெக் நகரில் பெரிய தொட்டிகளை வைத்து, கையில் இருந்த காசையெல்லாம் அதில் போட்டார்கள், எல்லாருக்கும் பொதுவாக.

என் பெரியம்மா மீன் விற்றவர். இரண்டாயிரம் பிறக்கும்போது ஆண்டவர் வந்துவிடுவார் என்று நம்பினார். வட்டிக்காரன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன ராத்திரிகளில் 'அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்' என்று முணுமுணுத்துக்கொண்டே கூடையைக் கழுவுவார். ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் சொந்தக்காரர்கள் வந்து, "என்னக்கா, ஆண்டவர் பஸ்ஸை விட்டுட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதில் ஒருத்தர்கூடக் கடன் எவ்வளவு என்று கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை, நேற்று அதையேதான் மறுபடி பார்த்தேன்.

மூடநம்பிக்கைக்கு வக்காலத்தா என்பீர்கள். இல்லை. தேதி குறித்த பிரசங்கிகளைத் தாராளமாகக் கேள்வி கேளுங்கள், நம்பிப் போன ஏழையை ஏன் மிதிக்கிறீர்கள்? மடங்களைக் கொளுத்தினார்களே, பாதிரியார்களைக் கொன்றார்களே என்றால், ஆமாம், செய்தார்கள், அது பாவம்தான். இன்னொன்றும் நடந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் தாபோர் தலைவர்களே விவசாயிகளிடம் நில வாரம் வசூலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புதிய ராஜ்யத்தைப் பிரசங்கித்த மார்ட்டின் ஹுஸ்காவை 1421-இல் ரௌட்னிட்சேயில் எரித்ததும் போப்பின் ஆட்கள் அல்ல, ஹுஸ்ஸின் பெயரைச் சொன்னவர்களே. ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், 'படிக்காத சனங்கள் அப்படித்தான்' என்று கமென்ட் போட்ட தம்பிக்கு: பின்னாளில் போப் இரண்டாம் பயஸ் ஆன பிக்கொலோமினி 1451-இல் தாபோருக்கே போய்ப் பார்த்தவர், அவர்களை அடியோடு வெறுத்தவர். அவர்களிடம் உள்ள ஒரே நல்ல குணம் கல்விமேல் இருக்கும் ஆசை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.