ஹார்ட்வேர் கடை என்று சிரித்தவர்களுக்கு

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரிக்காக நின்றபோது மூன்றாவது ஆளாக ஒருவர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "இது உங்க அக்கா பையன்தானே?" என்று கேட்டு, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் நான்கைப் பக்கத்தில் போட்டிருந்தார். ஆமாம், எங்கள் அக்கா பையன்தான். ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். போன ஞாயிறு நடந்ததை முழுக்கச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள், மீதிப் பேர் டிக்டாக்கில் பார்த்துவிட்டீர்கள். ஓவியப் போட்டி, 'என் வீரன்' என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னார்கள். அவன் வரைந்த வீரனிடம் பதினான்கு ஆயுதங்கள். நடுவர் படத்தைத் தூக்கிக் காட்டி, மைக்கில், "தம்பி, இது வீரனா, ஹார்ட்வேர் கடையா?" என்றார். மண்டபமே சிரித்தது. நான் மேடைக்குப் போய் மைக்கை வாங்கிப் பேசினேன்.

இதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கதையில் ஒருவன் அளவுக்கு மீறி ஆயுதம் சுமந்துகொண்டு வந்தால், என்றைக்கோ ஒரு நாள் அவன் வெறுங்கையோடு நின்றிருக்கிறான் என்று அர்த்தம். அந்த நாளை அவன் மறக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளாமல் "ஓவரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவது படத்தைப் பார்க்கத் தெரியாத குறை.

"லாஜிக் வேண்டாமா? இவ்வளவையும் எங்கே வைப்பான், எப்படித் தூக்குவான்?" என்று கேட்டு ஒரு அண்ணன் நேற்று நீளமாக எழுதியிருந்தார். லாஜிக்தானே, சரி, பேசுவோம். 1993இல் வந்த டூம் கணினி விளையாட்டை எங்கள் தலைமுறையில் விளையாடாதவர் யார்? (பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குச் சுடுற விளையாட்டு என்று என்னிடம் கேட்டவர்களுக்கு வேறொரு பதிவு பாக்கி இருக்கிறது.) அதில் வருகிறவன், கை முஷ்டியையும் சேர்த்தால், எட்டு ஆயுதம் வைத்திருப்பான். மரம் அறுக்கும் இயந்திரத்திலிருந்து ராக்கெட் வரைக்கும். எந்தப் பையில் வைத்திருந்தான்? யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் ஆட்டம் தொடங்கும்போது அவனிடம் ஒரு பிஸ்டலும் 50 குண்டும்தான். செத்தால் மறுபடி அந்தப் பிஸ்டலும் அந்த 50 குண்டும்தான். நாலு தடவை அப்படிச் செத்தவன் கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்வான்? 2001இல் வந்த ஹேலோ விளையாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும். அதைப் பெரிய யதார்த்தம் என்று கொண்டாடினார்கள். அதில் வருகிறவன் ராணுவத்து ஆள் ஐயா, பின்னால் ஒரு படையே இருக்கிறது. பின்னால் யாரும் இல்லாதவனுக்கு இரண்டு போதுமா?

1987இல் பிரிடேட்டர் படத்தில், ஹெலிகாப்டரில் பொருத்த வேண்டிய மினிகன்னைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டையே வழித்தெடுப்பார்கள். அது மின்சாரத்தில் சுழலும் துப்பாக்கி. அந்தக் காட்டில் பிளக் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. லாஜிக் எல்லாம் பதினொரு வயதுப் பையனிடம் கேட்பதற்கு மட்டும்தான் போலிருக்கிறது.

கதையை விடுங்கள், நிஜத்திலேயே ஆள் இருந்தான். பிளாக்பியர்ட் என்ற கடற்கொள்ளைக்காரன், 1718இல் கொல்லப்பட்டவன். அவன் நெஞ்சில் பட்டை கட்டி மூன்று ஜோடி பிஸ்டல்களைத் தொங்கவிட்டிருந்தான் என்று, அவன் செத்து ஆறு வருடத்தில் வந்த புத்தகம் சொல்கிறது. ஆறு பிஸ்டல். பந்தா என்று நினைப்போம். அந்தக் காலத்துப் பிஸ்டல் ஒரு தடவைதான் சுடும். திரும்ப மருந்து போட்டு இடிக்க எதிரி நேரம் கொடுக்க மாட்டான். கடல் ஈரத்தில் அந்த ஒரு தடவையும் சுடாமல் போகலாம். ஆறு வைத்திருந்தால் மூன்றாவது வேலை செய்யும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். மனிதரை மிரட்டவும் பயன்பட்டது, இல்லை என்று சொல்லவில்லை.

ஜப்பானில் பென்கே என்று ஒரு வீரத்துறவி, 12ஆம் நூற்றாண்டு. பாலத்தில் நின்று, வருகிறவர்களிடம் சண்டை போட்டு வாளைப் பிடுங்கி, 999 சேர்த்தவன், ஆயிரமாவதுக்குத் தோற்றான் என்பது கதை. அவன் முதுகில் ஏழு கருவிகளைச் சுமந்து திரிவான். இதில் எனக்குப் பிடித்தது வேறு: அந்த 'ஏழு கருவி' என்ற சொல், இன்றைக்கு ஜப்பானில் ஒரு தொழிலாளி வேலைக்கு எடுத்துப்போகும் சாமான்களுக்கும் பெயர். சண்டைக்காரன் முதுகில் இருந்தது தச்சன் பைக்கு வந்துவிட்டது.

நம்மிடமும் அப்படித்தானே? ஆயுத பூஜைக்கு வாளையா வைக்கிறோம்? ஸ்பானருக்குச் சந்தனம் வைக்கிறோம். லோரிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இது தெரிந்தவர்தான் ஒரு பையனைப் பார்த்து ஹார்ட்வேர் கடையா என்று கேட்டிருக்கிறார். அது திட்டு என்று நினைத்துக் கேட்டதுதான் எனக்கு வலிக்கிறது.

எங்கள் அப்பா வயர்மேன். பழைய நண்பர்களுக்கு அவரைத் தெரியும், அவரை விட அவர் பையை நன்றாகத் தெரியும். காக்கித் துணிப் பை, அடியில் லோரி டயர்த் துண்டு வைத்துத் தைத்தது. உள்ளே மூன்று டெஸ்டர், நான்கு வகைப் பிளையர், எட்டு முதல் இருபத்து நான்கு வரை ஸ்பானர், ஹேக்சா, பியூஸ் கம்பி, கறுப்பும் சிவப்புமாக டேப், டார்ச்லைட், டார்ச்லைட் எரியாவிட்டால் மெழுகுவத்தி, மெழுகுவத்திக்குத் தீப்பெட்டி, தீப்பெட்டி நனையாமல் இருக்க ஒரு மைலோ டின். கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிள்) முன்னால் பை, பின்னால் நான். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'நடமாடும் கடை'. கல்யாண வீட்டில் மாமா ஒருவர், "மச்சான், பந்திக்கும் பையோடதான் உக்காருவீங்களா?" என்று கேட்பார். அப்பாவும் சிரிப்பார்.

ஒரு நாள் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய், அப்பா பையைத் திறந்து மானத்தைக் காப்பாற்றினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பாதிச் சாமான் பல மாதம் வெளியே வந்ததே கிடையாது. சும்மாவே சுமந்தார். வலது தோள் அரை அங்குலம் இறங்கியே போயிற்று, கடைசியாக எடுத்த போட்டோவில்கூடத் தெரியும்.

ஏன் என்பதை அம்மாதான் பிறகு சொன்னார். எண்பதுகளில், நாங்கள் பிறக்குமுன், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் புது வேலை. முதல் வாரம். டெஸ்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் கடன் கேட்டதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "பேனா இல்லாமல் பள்ளிக்கு வந்த பையனைப் பாருங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அரை நாள் சம்பளம் போயிற்று. சம்பளத்தைப் பற்றி அப்பா எப்போதும் பேசியதில்லை. எல்லாரும் சிரித்தார்கள் என்பதை மட்டும் அம்மாவிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தச் சிரிப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். நான் ஏன் மேடைக்கே போனேன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். மைக்கைப் பிடுங்கவில்லை, கேட்டு வாங்கினேன். அதையும் திரித்துச் சொல்கிறார்கள்.

அந்தப் பையைப் பார்த்து நானும் வெட்கப்பட்டிருக்கிறேன். பள்ளிக்கு ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட வரும்போது பையை வெளியே வைத்துவிட்டு வாங்க என்று சொன்னவள் நான். அவரும் வெளியே வைத்தார். திரும்பிப் போகும்வரை சன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அடுத்த ஆள். "ஔவையார் அன்றே சொல்லிவிட்டார்" என்று ஒரு தமிழறிஞர் என் பக்கத்தில் வந்து போட்டிருக்கிறார். புறநானூறு 95 எனக்கும் தெரியும். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்ட, உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று ஔவை சொன்ன பாட்டு. அருமையான அடி. ஒத்துக்கொள்கிறேன். 1990களின் அமெரிக்கக் காமிக்ஸில் கேபிள் மாதிரி ஆட்கள் இருப்பார்கள், உடம்பை விடப் பெரிய துப்பாக்கி, இடுப்பெல்லாம் பை. அவர்களைப் பார்த்து ஔவை சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் ஔவை கேட்டது ஓர் அரசனை. ஐந்தாம் ஆண்டுப் பையனை இல்லை. இன்னொரு சந்தேகம்: உள்ளதெல்லாம் கொல்லனிடம் கிடந்தால், அன்றைக்குப் போர் வந்தால் அதியமான் எதை எடுத்துக்கொண்டு போவான்? அவனிடமும் கூடுதலாக நாலு இருந்திருக்கும். ஔவை அதைச் சொல்லவில்லை. தூது போன இடத்தில் யார் சொல்வார்கள்?

"பிள்ளைகளுக்கு வன்முறை கற்றுக்கொடுக்காதீர்கள்" என்ற அக்காவுக்கு: உங்கள் பேரன் பிறந்தநாள் கேக்கில் துப்பாக்கி இருந்தது. போட்டோ நானும் லைக் போட்டேன். மேலே போவோம்.

அடுத்தது, சாமியை இழுக்காதே என்பார்கள். சாமியைக் கற்பனைப் பாத்திரம் என்று நான் சொல்லவே இல்லை, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறுகிறவள்தான் நானும். ஆனால் ஆயுதம் நிறைய என்றால் கேலி என்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மகிஷனைக் கொல்லப் போன தேவிக்குச் சிவன் சூலம் கொடுத்தார், திருமால் சக்கரம், இந்திரன் வஜ்ராயுதம், வாயு வில். ஒவ்வொன்றும் யாரோ கொடுத்தது. ஜாவா வீரன் போருக்கு மூன்று கிரிஸ் (குத்துவாள்) அணிவான் என்று, ஜாவாவை ஆண்ட ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1817இல் எழுதியிருக்கிறார்: தன்னுடையது ஒன்று, முன்னோர் வழி வந்தது ஒன்று, மாமனார் கொடுத்தது ஒன்று. சண்டைக்கு ஒன்று போதும் என்று அவனுக்குத் தெரியாதா? மாமனார் கொடுத்ததை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியுமா?

முருகனுக்குப் பன்னிரண்டு கையிலும் ஆயுதம் என்று நினைப்பவர்கள் திருமுருகாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். அங்குசம், கேடயம், வேல், அவ்வளவுதான். மற்றக் கைகளில் ஒன்று மணியை ஒலிக்கிறது, ஒன்று மழை பெய்விக்கிறது, ஒன்று மணமாலை சூட்டுகிறது. இது என் வாதத்துக்கு எதிராகப் போகிறது என்று சொல்லப் போகிறீர்கள். போகட்டும். எனக்கு இந்த இடம் பிடிக்கும்.

அந்தப் படத்தை யாராவது உற்றுப் பார்த்தீர்களா? வேல், இரண்டு அருவாள், ஒரு கிரிஸ், வில், கேடயம், கவண், வலை, கயிறு, டார்ச்லைட், குடை, சாவிக்கொத்து. பன்னிரண்டு. மிச்சம் இரண்டும் பெட்டி மாதிரி, என்னவென்றே தெரியாது. மைக் வைத்திருந்தவர் அது என்னவென்று கேட்டிருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து கேட்டேன். "அது யாராச்சும் மறந்துட்டு வந்தா குடுக்கறதுக்கு, சித்தி."

அப்பாவின் மூன்று டெஸ்டரில் ஒன்று எப்போதும் வேறு யாரிடமாவதுதான் இருக்கும்.

"சும்மா நகைச்சுவைக்குச் சொன்னேன், இவ்வளவு சென்சிட்டிவ் ஆனால் எப்படி" என்று நடுவர் தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார். நூற்றுச்சொச்சம் லைக். நகைச்சுவை எனக்கும் தெரியும். ராத்திரி ஷிப்ட் முடிந்து கார் நிறுத்துமிடம் வரை விரல் இடுக்கில் சாவியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் நான். என் கைப்பையைக் கொட்டினால் நீங்கள் எல்லாரும் இன்னும் நன்றாகவே சிரிக்கலாம். என்னைப் பார்த்துச் சிரியுங்கள், நான் திருப்பிப் பேசுவேன். அவனுக்கு மைக் கொடுக்கவில்லை.

மன்னிப்பு எல்லாம் கேட்கச் சொல்லவில்லை. அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், போதும். நேற்று வரை எடுக்கவில்லை.

பையன் இரண்டு நாள் வரையவில்லை என்று அக்கா சொன்னாள். நேற்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதே வீரன், அதே மீசை. கை இரண்டும் காலி, இடுப்பில்கூட ஒன்றும் இல்லை. எனக்கு அடிவயிறு என்னவோ செய்தது. அப்புறம்தான் கவனித்தேன், அவனுக்குப் பின்னால், தாளின் விளிம்பு வரைக்கும், பெரிதாக ஒரு லோரி நிற்கிறது. தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, நம்பர் பிளேட்கூட எழுதியிருக்கிறான்.

லோரியில் என்னடா என்று கேட்டேன்.

"மத்தது எல்லாம், சித்தி."