தண்ணி தெளிச்சா போதுமாம், தவளை வளந்துடுமாம்

மறுபடியும் அதே வாசகம். கண்ணாடித் தொட்டி வந்த அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல: "செலவு குறைவு, பராமரிப்பு குறைவு. தண்ணீர் தெளித்தால் போதும்!" பக்கத்துல ரெண்டு வரிசைப் பல்லும் தெரியச் சிரிக்கற தவளைப் படம். ஐயா, அநேகமா எந்தத் தவளைக்கும் கீழ்த்தாடையில பல்லே கிடையாது. மேல்தாடையில மணல் மாதிரி கொஞ்சம் இருக்கும், அதுவும் எல்லா இனத்துக்கும் இல்ல. வாய்க்குள்ள என்ன இருக்குன்னே தெரியாதவங்க, அந்த வாய்க்குள்ள என்ன போடணும்னு நமக்குப் பாடம் எடுக்கறாங்க.

தண்ணீர் தெளித்தால் போதும். சரி. எந்தத் தண்ணி?

குழாய்த் தண்ணியா? தவளை வாயால குடிக்காது. அடிவயித்துலயும் தொடையோட உள்பக்கத்துலயும் இருக்கற மெல்லிசுத் தோல் வழியா உறிஞ்சிக்கும். நம்ம மூக்குக்கு லேசா நீச்சல்குளத்து வாடையாத் தெரியற குளோரின், அதுக்கு நேரா உடம்புக்குள்ள. பாத்திரத்துல 24 மணி நேரம் திறந்து வெச்சா குளோரின் போயிடும்பாங்க, போகும்தான். ஆனா உங்க குழாயில வர்றது குளோரமின்னா (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி பண்ணாது. அதுக்கு மீன்தொட்டியில ஊத்தற குளோரின் நீக்கி வேணும். அதுலயும், குளோரமின் உடையும்போது வெளிவர்ற அம்மோனியாவையும் சேர்த்துப் பிடிக்கற ரகமாப் பார்த்து வாங்கணும். "அப்ப ஆர்.ஓ. தண்ணியே ஊத்திடறேன், அதுதான் சுத்தமாச்சே"ன்னு ஒருத்தர் வருவார் பாருங்க. உப்பே இல்லாத தண்ணியில நாள் முழுக்க உக்காந்தா, தோல் வழியா தண்ணி உள்ள ஏறிக்கிட்டே இருக்கும், உடம்பு உப்பு வெளிய கசிஞ்சுக்கிட்டே இருக்கும். தெளிக்கறதுக்கு ஆர்.ஓ. அருமை. கண்ணாடியில வெள்ளைக் கறை படியாது, நாசில் அடைக்காது. உக்கார்ற கிண்ணத்துக்கு மட்டும் குளோரின் நீக்கின குழாய்த் தண்ணி. ஆக ஒரே ஒரு பிராணி, ரெண்டு வகைத் தண்ணி. கிண்ணத்தை சோப்பு படாம வெந்நீரும் பிரஷ்ஷும் வெச்சுத் தேய்ச்சு, தண்ணி நிரப்பி, ஆறவெச்சு உள்ள வெச்ச அடுத்த நிமிஷம் துரை எழுந்து வந்து, நிதானமா இறங்கி, அதுலயே வெளிக்கிப் போவார். விட்டுவைக்க முடியாது. அந்த அம்மோனியாவும் அதே தோல் வழியாத்தான் உள்ள போகும். மறுபடியும் முதல்ல இருந்து.

எவ்வளவு தெளிக்கணும்? அதைப் பெட்டி சொல்லாது. ஒயிட்ஸ் மரத்தவளைக்கு ஈரப்பதம் 50லேர்ந்து 70 சதவீதம் போதும், விஷ அம்புத் தவளைக்கு 80க்கு மேல வேணும். ரெண்டும் தவளைதான், ரெண்டு பெட்டி மேலயும் ஒரே வாசகம்தான். சொதசொதன்னு எப்பவும் நனைஞ்சே கிடந்தா மரத்தவளைக்குத் தோல்ல பாக்டீரியா புண்ணு வரும். தெளிப்புக்கு நடுவுல மேல்பரப்பு கொஞ்சம் உலரணும். இதை அளக்க, தொட்டியோட சேர்த்து முள்ளு வெச்ச வட்ட மீட்டர் ஒண்ணு இனாமாத் தருவாங்க. உள்ள பாலைவனமா இருந்தாலும் 60 காட்டும், வெள்ளமே வந்தாலும் 60 காட்டும். அதைப் பிடுங்கிப் போட்டுட்டு டிஜிட்டல் ஒண்ணு தனியா வாங்குங்க.

ஹீட் மேட், அதாவது தொட்டியைச் சூடாக்கற விரிப்பு, அதோட கதை இதைவிட மோசம். பேக்மேன் தவளை மண்ணுக்குள்ள புதைஞ்சு உக்கார்ற ஜென்மம். சூடு தாங்கலைன்னா என்ன பண்ணும்? இன்னும் ஆழமாத் தோண்டும், கீழ குளிர்ச்சியா இருக்கும்னு அதோட ரத்தத்துலயே எழுதியிருக்கு. தொட்டிக்கு அடியில மேட்டை ஒட்டி வெச்சா, கீழ போகப் போக அடுப்பு. பக்கவாட்டுக் கண்ணாடியிலதான் ஒட்டணும், சூட்டை அளவோட நிறுத்தற தெர்மோஸ்டாட் இல்லாம பிளக்கையே சொருகக் கூடாது. மேட் உறையில போட்டிருக்கற படம் என்ன? தொட்டியைத் தூக்கி அடியில ஒட்டற படம்!

சரி, இதெல்லாம் கூட ஒருதரம் செட் பண்ணா முடிஞ்சுது. சோறு போடறதைப் பத்தி எவனாவது வாயைத் திறந்தானா?

நீங்க வளக்கறது தவளை இல்ல, கோழிப் பண்ணை. சுவர்க்கோழிப் பண்ணை (ராத்திரி கிரீச்னு கத்தற பூச்சி, அதான் தவளைக்குச் சோறு). முட்டை அட்டையை நிறுத்தி வெச்ச ஒரு டப்பா. தண்ணிக் கிண்ணம் வெச்சா அதுல விழுந்து சாகும், அதனால கேரட் துண்டு. கேரட் ஊசினா டப்பாவே நாறும். கூட்டம் அதிகமானா ஒண்ணை ஒண்ணு தின்னும். தவளைக்குப் போடறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே இந்த மகராசன்களுக்குக் கீரையும் காயும் வெச்சு வயித்தை ரொப்பணும், ஏன்னா தவளைக்குப் போய்ச் சேர்றது பூச்சியோட வயித்துல இருக்கறதுதான். அப்புறம் அளவு. தவளையோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளியோ, அதைவிடப் பெருசா இருக்கக் கூடாது. ஓடற பூச்சிக்கு அளவெடுக்கற தையல்காரன் வேலை.

ராத்திரி ஆச்சு, துரை முழிச்சிட்டார். அஞ்சே அஞ்சு பூச்சி வேணும். முட்டை அட்டையைத் தூக்கி ஒரு கப்புக்குள்ள தட்டறீங்க. எட்டு விழுது, மூணு வெளிய குதிக்குது, அதுல ரெண்டைப் பிடிச்சாச்சு. மூணாவது? அது அலமாரிக்குப் பின்னாடி போயாச்சு. அது ஆணாத்தான் இருக்கும், பொண்ணு பாடாதே. இன்னிக்கு ராத்திரி விடிய விடியக் கச்சேரி. போகட்டும். கப்புல ஒரு சிட்டிகை கால்சியம் பொடி, வைட்டமின் டி3 கலந்தது. சுவர்க்கோழி உடம்புல கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு, பொடி இல்லாம போட்டா நாளடைவுல தவளையோட எலும்பு ரப்பர் மாதிரி வளையும், தாடை தொங்கும். குலுக்கறீங்க. எல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடுச்சு. இனி நேரத்தோட போட்டி: சில நிமிஷத்துல அதுங்க காலாலயே தேய்ச்சுத் தேய்ச்சுப் பொடியை உதறிடும்.

உள்ள கொட்டறீங்க. தவளை பார்க்குது. எதைப் பார்க்குதுன்னு அதுக்கே தெரியாது. ஒரு சுவர்க்கோழி நேரா நடந்து வந்து, முன்னங்கால் மேல ஏறி, தோள் மேல ஏறி, துரையோட உச்சந்தலையில போய் உக்காந்துடுச்சு. உக்காந்து, நீங்க அரும்பாடுபட்டுப் பூசின கால்சியத்தை ஒவ்வொரு காலாத் துடைக்குது. தவளைக்கு அசையறதுதான் சாப்பாடு, கண்ணு முன்னாடி அசையணும். தலை மேல நின்னா அது சாப்பாடு இல்ல, தொப்பி. கண்ணைச் சிமிட்டுது. இன்னொண்ணு முன்னாடி ஓடுது. ஆகா, திரும்பிட்டார்! குறி பார்க்கறார், பின்னங்கால் விரல் துடிக்குது, பாய்ஞ்சார்... வாய் நிறையத் தேங்காய் நார்த்தூள். பூச்சி ரெண்டு அங்குலம் தள்ளி நிம்மதியா நிக்குது. தூளை ரெண்டு கையாலயும் வழிச்சு வழிச்சுத் துப்பறார். (இதுக்குத்தான் தரையில கூழாங்கல் போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறது. தூளைத் துப்பிடும், கல்லை முழுங்கிடும், குடல் அடைச்சுக்கும்.) அடுத்த பாய்ச்சல், பிடிச்சாச்சு! ரெண்டு கண்ணும் தலைக்குள்ள அமுங்குது. தவளை கண்ணையும் உள்ள இழுத்துத்தான் இரையைத் தொண்டைக்குள்ள தள்ளும். மிச்சம் நாலு. தொப்பியா நின்னது குதிச்சு மரப்பட்டைக்குப் பின்னாடி போயிடுச்சு.

விட்டுட்டுப் போய்ப் படுக்கலாமா? முடியாது. பசிச்ச சுவர்க்கோழி ராத்திரி தவளையோட தோலையே கடிக்கும். பட்டையைத் தூக்கினா செடி வேரோட வருது, மண்ணு கிண்ணத்துக்குள்ள விழுது. அந்தக் கிண்ணம்தான், மூணாவது தடவையா. கடைசியா இடுக்கியில ஒண்ணைப் பிடிச்சு மூக்குக்கு முன்னாடி ஆட்டினா, பூச்சியை விட்டுட்டு இடுக்கியைக் கவ்வறார். இடுக்கி நுனியில சிலிக்கான் உறை இருக்கணும்னு சொல்றது அதுக்குத்தான். ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கு முக்கா மணி நேரம்.

இதுல சிரிச்சுட்டுப் போகவும் வழியில்ல. தினமும் இப்படிக் குறி தப்பினா அது கோமாளித்தனம் இல்ல, வைட்டமின் ஏ பத்தாம நாக்குப் பசை போயிருக்கலாம். சுவர்க்கோழியே கதின்னு இருக்கற தவளைக்கு வர்றது அது. நாய் பூனை பார்க்கற டாக்டர் எல்லாரும் தவளையைத் தொட மாட்டாங்க. தொடற டாக்டர் கிடைச்சாலும் முதல் கேள்வி, "எடை எத்தனை கிராம், போன மாசம் எத்தனை?" சமையல் தராசுல வாரம் ஒருதரம் டப்பாவோட எடை போட்டு நோட்டுல எழுதி வைங்க, அப்பதான் பதில் இருக்கும். ரெண்டாவது கேள்வி, யூவிபி (புற ஊதா ஒளி) டியூப் எப்ப மாத்துனீங்க. அது பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், யூவிபி மட்டும் ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள செத்துடும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க. மொத்தச் செலவுப் பட்டியல்ல தவளைதான் மலிவு. தொட்டி, மேட், தெர்மோஸ்டாட் எல்லாம் ஒருதரச் செலவுன்னு மனசைத் தேத்திக்கலாம். பூச்சியும் பொடியும் டியூப்பும் டாக்டரும் அப்படி இல்ல. திறந்த டி3 பொடி டப்பாவை ஆறு மாசத்துல தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும், பாதி மிச்சம் இருந்தாலும். ஒயிட்ஸ் தவளை 15 வருஷத்துக்கு மேல இருக்கும். "துணைக்கு இன்னொண்ணு வாங்கலாமே"ன்னா, பேக்மேன் துணையையே தின்னுடும். மத்த இனமா இருந்தா, தவளைத் தோலைத் தாக்கற கைட்ரிட் பூஞ்சை பயத்துல புதுசை ஒண்ணு ரெண்டு மாசம் தனித் தொட்டி, தனிக் கிண்ணம், தனி இடுக்கின்னு ஒதுக்கி வைக்கணும்.

இவ்வளவுக்கும் அப்புறம் திரும்பிப் பார்த்தா, வயித்தைக் கண்ணாடியில அப்பிக்கிட்டு, வாய் காதுவரைக்கும் நீண்டு, சிரிக்கற மாதிரி ஒரு உக்கார்வு. சிரிப்பெல்லாம் இல்ல, தாடையோட அமைப்பே அப்படித்தான். தெரிஞ்சும் நாமதான் பல்லிளிச்சுக்கிட்டு நிப்போம். கண்ணுக்கு மேல இருக்கற மடிப்பு வேற கொஞ்சம் தொங்குது. அது கொழுப்பு. வளர்ந்த தவளைக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் போட்டா போதும்னு அர்த்தம்.

அதெல்லாம் இருக்கட்டும், தொட்டியோட முன்பக்கக் கண்ணாடியில, நட்டநடுவுல, அதே வாசகத்தோட ஸ்டிக்கரை ஒட்டினவன் யாரு? உரிச்சா பாதிதான் வருது, மிச்சம் வெள்ளைப் பிசுக்கு. தின்னர் தொட முடியாது, ஸ்பிரிட் தொட முடியாது, ஆவி அந்தத் தோல்ல ஏறிடும். தவளையை வேற டப்பாவுக்கு மாத்தி, வேற அறையில வெச்சு, வெளிப்பக்கமா எண்ணெய் தடவி நகத்தாலதான் சுரண்டணும். பிசுக்குக்கு நடுவுல இன்னும் ரெண்டு எழுத்து படிக்க முடியுது: "போது".